எஞ்சின் எண்ணெயில் உப்பு

அக்கா அந்த பாட்டிலை உண்மையிலேயே உப்புத் தண்ணீரில் ஊறவைத்தாரா? இரண்டு மாதமாக இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. அவரிடமே கேட்டேன், அவரும் பதில் சொன்னார். அப்படியும் தெரியவில்லை.

அக்கா யார், எந்த பாட்டில் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் டெல்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். லக்ஷ்மிபாய் நகரில் குவார்ட்டர்ஸ். சொந்த ஊர் மதுரைப் பக்கம். கணவர் வேறு மாநிலத்தில் ஒரு மின் நிலையத்தில் பராமரிப்புப் பொறியாளர். மாதம் ஒருமுறை வந்துபோவார். எங்கள் மகளுக்கு ஒன்றரை வயது. நான் அலுவலகத்தில் இருக்கும் நேரமெல்லாம் அவளைப் பார்த்துக்கொள்பவர்தான் அக்கா.

அக்காவுக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கம். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து ஜங்புராவில், தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதியில் குடியிருந்தார். கேம்ப்பை இடித்தபோது அவர்களுக்கு நரேலாவில் வீடு கிடைத்தது. நரேலாவும் டெல்லிதான் என்றாலும் வடக்குக் கோடி. எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். அவருடைய இரண்டு பெண்களும் எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறார்கள். பெரியவள் ஆறாவது, சின்னவள் மூன்றாவது. அக்காவின் கணவர் ஜங்புராவில் ஒரு வீட்டில் டிரைவர். ஆக, நாலு பேரும் விடிவதற்கு முன்பே கிளம்பி ஒரு பஸ், ஒரு மெட்ரோ, இன்னொரு பஸ் என்று மாறி வந்து சேருகிறார்கள். பள்ளி விட்டதும் பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நான் ஆறு மணிக்குத் திரும்பும்போது சின்னவள் பெரும்பாலும் சீருடையோடு சோபாவில் தூங்கிக்கொண்டிருப்பாள்.

ஆகஸ்டில் எனக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. கணவர் இருக்கும் ஊருக்கே கேட்டிருந்தேன், கிடைத்துவிட்டது. வருடக் கடைசியில் கிளம்ப வேண்டும். சந்தோஷமான செய்திதான். ஆனால் அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று நாலு நாள் தள்ளிப்போட்டேன். சொன்னபோது அவர் மகளுக்குச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லதாப் போச்சு. புள்ள அப்பாவைப் பாத்து வளரட்டும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்த வேலை இல்லன்னா நான் நரேலாவுலயே எதனா பாத்துக்குவன். ஸ்கூல் வுட்டதும் இதுங்க ரெண்டையும் தனியா பஸ்ஸுல அனுப்ப முடியாது. ஸ்கூல மாத்தணும்" என்றார்.

நரேலாவில் தமிழ்ப் பள்ளி கிடையாது.

அன்று மாலை கணவரிடம் போனில் இதைச் சொன்னேன். அவர்தான் வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தார். எங்களிடம் பதின்மூன்று வருடம் ஓடிய ஒரு பெட்ரோல் வண்டி இருக்கிறது. சி.என்.ஜி.யும் பொருத்தியிருக்கிறோம். டெல்லியில் பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து வருடம்தான் ஓட அனுமதி என்பதால் இதற்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்ப் பதிவு மாற்றுவதில் அர்த்தமில்லை. "அக்கா வீட்டு அண்ணனுக்கே கொடுத்துடலாமே. அவர் தினமும் ஜங்புரா வரத்தானே போறாரு? பிள்ளைகளை ஸ்கூல்ல விட்டுட்டு வேலைக்குப் போகட்டும், ஸ்கூல் விட்டதும் போய்க் கூட்டிக்கிட்டு வந்து சாயந்திரம் ஒண்ணாத் திரும்பட்டும். நரேலாவுல அவங்க பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டா கேஸ் செலவு பகிர்ந்துக்கலாம்" என்றார்.

எனக்கு அது அவ்வளவு சரியான யோசனையாகப் பட்டது. அடுத்த நாளே அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவசரப்பட்டுச் சொன்னேனோ என்று இப்போது நினைக்கிறேன். அன்று அப்படித் தோன்றவில்லை.

கணவர் ஒரு நிபந்தனை வைத்தார். எண்ணெயைச் சோதித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

அவர் வேலை செய்யும் மின் நிலையத்தில் டர்பைன் எண்ணெயை மாதா மாதம் எடுத்துச் சோதிப்பார்கள். எந்திரத்தைத் திறந்து பார்க்காமலே உள்ளே எது தேய்கிறது, எது கசிகிறது என்பதை எண்ணெய் சொல்லிவிடும் என்பார். இரும்பு கூடினால் சிலிண்டர் தேய்கிறது. செம்பு கூடினால் பேரிங்கைப் பார்க்க வேண்டும். சிலிக்கான் கூடினால் ஏர் ஃபில்டர் வழியாக மண் போகிறது. சோடியமும் பொட்டாசியமும் கூடினால், எஞ்சினைக் குளிர்விக்க ரேடியேட்டரில் ஓடும் கூலன்ட் எண்ணெயில் கலக்கிறது. கூலன்ட் கலந்தால் ஒருநாள் எஞ்சின் கொதித்து நடுரோட்டில் நிற்கும். "நாலு குழந்தைகளை ஏத்திக்கிட்டு ஹைவேயில போற வண்டி. தெரிஞ்சுக்கிட்டுக் கொடுப்போம்" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. எனக்கு எல்லாமே முதலில் சரியென்றுதான் படும்.

ஒரு தனியார் சோதனைக்கூடம் கூரியரில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலை அனுப்பியது, மூடிய உறைக்குள். லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார் கணவர். அதற்காக உறையைப் பிரித்தேன். படம் எடுத்தேன், அனுப்பினேன், பாட்டிலைச் சமையலறை மேடையில் வைத்தேன். அது இரண்டு நாள் அங்கேயே இருந்தது. சனிக்கிழமை எண்ணெய் மாற்றப் போனபோது எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். கோட்லாவில் எங்கள் வழக்கமான மெக்கானிக், வயதான சர்தார்ஜி, பழைய எண்ணெயை இறக்கும்போது நடுவில் பாட்டிலை நீட்டிப் பிடித்து நிரப்பிக் கொடுத்தார்.

"பேட்டி, கூன் கா டெஸ்ட் சுனா ஹை, தேல் கா டெஸ்ட் பெஹ்லி பார்" என்று சிரித்தார். மகளே, ரத்தப் பரிசோதனை கேள்விப்பட்டிருக்கிறேன், எண்ணெய்ப் பரிசோதனை இதுதான் முதல் தடவை என்றார்.

பத்து நாளில் அறிக்கை மின்னஞ்சலில் வந்தது. மகளின் ரத்த அறிக்கைகளைப் படித்துப் படித்து எனக்கு இந்த மாதிரிக் கட்டங்கள் பழக்கம். இடப்பக்கம் பெயர், நடுவில் எண், வலப்பக்கம் இருக்க வேண்டிய அளவு. கண் நேராகத் தடித்த எழுத்துக்குத்தான் போகும். இரும்பு 21, பரவாயில்லை. செம்பு 6, அலுமினியம் 5, சிலிக்கான் 14, ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெயின் பிசுபிசுப்பு சரியாக இருக்கிறது. தண்ணீர் இல்லை. பொட்டாசியம் 3. சோடியம் மட்டும் தடித்த எழுத்தில் 62. கீழே ஒரு வரி: கூலன்ட் கசிவு இருக்கிறதா என்று பார்க்கவும், மறுபடி சாம்பிள் அனுப்பவும்.

எண்ணெயில் பத்து லட்சம் பங்குக்கு அறுபத்திரண்டு பங்கு சோடியம். அது பெரிய அளவா, சின்ன அளவா என்று எனக்குத் தெரியவில்லை. கணவரிடம் கேட்டேன்.

"தண்ணி இல்லன்னு போட்டிருக்கே, அப்புறம் எப்படிக் கூலன்ட் கலந்திருக்கும்?"

"எஞ்சின் சூட்டுல தண்ணி ஆவியாயிடும். அதுல இருந்த உப்பு எண்ணெயிலேயே தங்கிடும்."

சாம்பாரை அடுப்பில் மறந்தால் தண்ணீர் வற்றி உப்புக் கரிப்பது போல என்று புரிந்துகொண்டேன். "அப்போ பொட்டாசியம் ஏன் கூடலை?"

"சில கூலன்ட்ல சோடியம் மட்டும்தான் இருக்கும். நம்ம வண்டியில என்ன ஊத்தியிருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்? வெயில் காலத்துல சர்தார்ஜி பைப் தண்ணியை ஊத்தினதை நானே பார்த்திருக்கேன்."

மறுநாள் காலை அலுவலகம் கிளம்பும் முன் அக்காவிடம் சொன்னேன். இதைச் சரியாக எழுத வேண்டும், ஏனென்றால் எல்லாக் குழப்பமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அக்கா பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. சோடியம் என்றால் புரியாது என்று நானே நினைத்துக்கொண்டு, "அக்கா, வண்டியை இப்போ கொடுக்க முடியாது போல. எண்ணெயில உப்பு இருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு" என்றேன்.

பால் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்த அக்கா கையை நிறுத்தினார்.

"உப்பா? எந்த எண்ணெயில? அந்தக் குட்டி பாட்டில்ல புடிச்சாந்தீங்களே அதுலயா?"

"ஆமா."

"ஐயோ, அந்த பாட்டில நான்தான்ம்மா கழுவுனன்! மேடையில கெடந்துச்சு. பாப்பா பாட்டிலோட சேத்து உப்புத் தண்ணியில ஊறப் போட்டன்."

பால் வாடை போக உப்புத் தண்ணீரில் ஊறவைப்பது என் பழக்கம். நான்தான் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கல் உப்பைக் கரைத்து, பாட்டில்களை அதில் போட்டு, பிறகு கொதித்து ஆறிய தண்ணீரில் மூன்று முறை அலச வேண்டும். அக்கா ஒரு நாளும் இதில் தவறியதில்லை.

"அலசினீங்களா?"

"பாப்பா பாட்டில்னா அலசுவன். இது ஏதோ மருந்து பாட்டில்னு நெனச்சன். கவுத்து வச்சிட்டு வுட்டுட்டன்."

அப்பாடா என்று இருந்தது. அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டே கணவருக்குப் போன் செய்து சொன்னேன். அவரும் சிரித்தார். ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் காய்ந்திருந்தாலே போதும், அந்தச் சின்ன பாட்டிலில் இவ்வளவு பெரிய எண் வரும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். பொட்டாசியம் கூடாமல் சோடியம் மட்டும் கூடியதற்கும் அது பொருந்தியது.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் மற்றது தோன்றியது.

நான் முதலில் "உப்பு" என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் "உப்புத் தண்ணி" என்றார். அறிக்கையில் இரும்பு கூடியிருந்து, நான் "இரும்பு" என்று சொல்லியிருந்தால்? வண்டி கிடைக்காவிட்டால் அவருடைய பெண்கள் பள்ளி மாற வேண்டும். அப்படி ஒரு நிலையில் நான் இருந்தால், என் மகளுக்காக ஒரு பாட்டிலைக் கழுவியதாகச் சொல்லமாட்டேனா? சொல்லியிருப்பேன். உடனே சொல்லியிருப்பேன்.

இந்த நினைப்பு வந்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. காலை எட்டரையிலிருந்து மாலை ஆறு வரை என் மகளை அவரிடம் விட்டுவிட்டுப் போகிறேன். பாப்பா எத்தனை வாய் சாப்பிட்டாள், எத்தனை முறை தும்மினாள் என்று அவர் சொல்வதை அப்படியே நம்பி டாக்டரிடம் சொல்கிறேன். ஒரு பாட்டிலைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் பஸ்ஸில் உட்கார்ந்து திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் இருந்த காலி மருந்து பாட்டில் ஒன்றை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அலசாமல் கவிழ்த்து வைத்தேன். மாலையில் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்பக்கம் மெல்லிய வெள்ளைப் படலம் தெரிந்தது. ஆனால் சர்தார்ஜியிடம் கொடுத்த பாட்டிலில் அப்படிப் படலம் இருந்ததா? நினைவில்லை. நான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவே இல்லை. பாப்பா பாட்டிலை மட்டும்தான் அப்படிப் பார்ப்பேன்.

பழைய எண்ணெய் போய்விட்டது. மறுபடி சாம்பிள் எடுக்க அது இல்லை. புது எண்ணெய் கொஞ்ச தூரம் ஓடினால்தான் அதில் ஏதாவது தெரியும். அதுவரை வேறு வழிகளில் பார்க்கலாம் என்று சர்தார்ஜியிடம் போனேன். அவர் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து விரலை விட்டு வழித்துக் காட்டினார்.

"தேக்கோ பேட்டி, மலாய் கஹான் ஹை?" பார் மகளே, பாலாடை எங்கே என்றார்.

தண்ணீர் கலந்தால் மூடியின் அடியில் பாலாடை போல வெள்ளையாகப் படியுமாம். அது இல்லை. ரேடியேட்டர் மூடியையும் திறந்து காட்டினார், அதில் எண்ணெய்ப் படலம் இல்லை. "காகஸ் கோ சோடோ, காடி கோ தேக்கோ" என்றார். காகிதத்தை விடு, வண்டியைப் பார் என்று. நாற்பது வருடம் எஞ்சின் திறந்தவர் சொல்கிறார். கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, மிகச் சின்னக் கசிவாக இருந்தால் பாலாடை படியாது என்று எங்கோ படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம்.

கணவர் சொன்னபடி கூலன்ட் தொட்டியில் அளவுக்கோட்டை ஒட்டி ஒரு பிளாஸ்திரி ஒட்டினேன். குறைகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். முதல் வாரம் சில நாள் காலையிலும் சில நாள் மாலையில் வண்டியில் வெளியே போய்த் திரும்பியதும் பார்த்தேன். ஒரு நாள் கோட்டுக்கு மேலே, ஒரு நாள் கீழே. பயந்துபோய்ச் சொன்னபோது, "எஞ்சின் சூடா இருக்கும்போது பார்த்தா மேல ஏறித்தான் காட்டும். காலையில ஆறின பிறகு மட்டும் பாரு" என்றார். ஒரு வாரக் குறிப்பு வீணானது. பிறகு காலையில் மட்டும் பார்த்தேன். மூன்று வாரத்தில் அரை விரல் குறைந்தது. பழைய வண்டியில் அவ்வளவு குறைவது சாதாரணம்தான் என்றார்கள். அக்டோபரில் காலைகள் வேறு குளிர ஆரம்பித்துவிட்டன, குளிர்ந்தால் அளவு இறங்கும். நான் பிளாஸ்திரியைப் பிய்த்துப் போட்டேன். அடுத்த நாள் மறுபடி ஒட்டினேன்.

இதற்கிடையே அக்காவின் பெண்கள் காத்திருந்தார்கள். அக்கா ஒருநாளும் கேட்கவில்லை. சின்னவள்தான் வண்டி எப்போது கிடைக்கும் என்று கேட்பாள். டெல்லியிலேயே பிறந்தவள், தமிழ் வகுப்பில் மட்டும்தான் முழுத் தமிழ்.

"ஆன்ட்டி, காடி எப்போ மிலேகி?"

"சீக்கிரம்டா."

"நீங்க போன வாரமும் ஜல்திதான் சொன்னீங்க."

"ஏய், வாய மூடு" என்பாள் பெரியவள். "ஆன்ட்டி டெஸ்ட் பண்றாங்க. டெஸ்ட்னா டைம் ஆகும்."

"நம்ம டெஸ்ட்டுக்கு மட்டும் டைம் தர மாட்டாங்களே!"

அக்கா சமையலறையில் சிரிப்பது கேட்கும். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு அறைக்குள் போய் அறிக்கையை இன்னொரு முறை திறப்பேன்.

அக்டோபர் கடைசியில் கணவர் வந்தபோது இரண்டாவது சாம்பிள் எடுத்தோம். எண்ணெய் மாற்றி ஆயிரத்து நூறு கிலோமீட்டர் ஓடியிருந்தது. மீன்தொட்டிக்கு விற்கும் மெல்லிய குழாய் ஒன்றைப் புதிதாக வாங்கி, அளவுக்கம்பி நுழையும் ஓட்டை வழியாக விட்டு, சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தார். புது பாட்டிலை உறையிலிருந்து அந்த இடத்திலேயே பிரித்தோம். என்னைத் தொடக்கூட விடவில்லை. அக்கா பால்கனியிலிருந்து மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஏன் இவ்வளவு கவனம் என்று அவருக்குப் புரிந்திருக்கும். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அறிக்கை வந்தது. சோடியம் 17. தடித்த எழுத்தில் இல்லை.

எனக்கு முதலில் மகிழ்ச்சிதான். அறுபத்திரண்டு எங்கே, பதினேழு எங்கே. அக்கா சொன்னது நிஜம் என்று நினைத்தேன். சமையலறைக்குப் போய், "அக்கா, குறைஞ்சிடுச்சு" என்றேன். அக்கா, "அதான் சொன்னன்ல?" என்று மட்டும் சொன்னார்.

கணவர்தான் கணக்குப் போட்டார். அதை அவர் போட்டிருக்க வேண்டாம். எண்ணெய் மாற்றும்போது பழைய எண்ணெய் முழுவதும் வெளியே வராது, பத்தில் ஒரு பங்கு உள்ளேயே தங்கும். கசிவு நிஜமென்றால், தங்கிய எண்ணெயிலிருந்து ஏறக்குறைய ஆறு வரும். முதல் அறுபத்திரண்டு சேர்ந்தது ஏழாயிரம் கிலோமீட்டரில். அதே வேகத்தில் ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்குப் பத்து சேரும். ஆறும் பத்தும் பதினாறு. வந்திருப்பது பதினேழு.

"அப்போ கசிவுதானா?"

"அப்படியும் சொல்ல முடியாது. சில எண்ணெயில சோடியம் தயாரிக்கும்போதே சேர்த்திருப்பாங்க. இந்த எண்ணெயில பிறவியிலேயே பதினேழு இருந்தா, கசிவே இல்லை. முதல் தடவை மீதி வந்தது பாட்டில் உப்பு."

"புது எண்ணெயையே சோதிச்சா தெரிஞ்சிடுமே!" எனக்கு இப்படி ஒன்று உடனே தோன்றியதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சோதனைக்கூடத்துப் பெண்ணும் போனில் அதையேதான் சொன்னாள். ஊற்றிய எண்ணெயில் ஒரு கரண்டி அனுப்புங்கள் என்றாள். சர்தார்ஜியிடம் ஓடினேன். எங்கள் வண்டிக்கு ஊற்றியது டிரம்மிலிருந்து எடுத்த எண்ணெய். எப்போதும் அதுதான் ஊற்றுவார். அந்த டிரம் தீர்ந்து வேறு டிரம் வந்துவிட்டது. அது வேறு கம்பெனி. "தேல் தோ தேல் ஹை, பேட்டி" என்றார், எண்ணெய் எண்ணெய்தானே என்று.

எண் கசிவு, பாட்டில் உப்பு என்ற இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிற்கிறது. மூன்றாவது சாம்பிளை மூவாயிரம் கிலோமீட்டர் தாண்டி எடுத்தால் தெளிவாகும் என்கிறார் கணவர். கசிவென்றால் ஏறும், எண்ணெயின் குணமென்றால் அங்கேயே நிற்கும். ஆனால் நான் ஓட்டும் ஓட்டத்தில் மூவாயிரம் ஆவதற்குள் நான் ஊரைவிட்டே போயிருப்பேன். நரேலாவிலிருந்து ஓட்டினால் ஒரே மாதத்தில் ஆகிவிடும். அதாவது அந்தக் குழந்தைகளை ஏற்றித்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கணவரை வரச் சொல்லி எல்லாவற்றையும் காட்டினேன். இரண்டு அறிக்கைகள், பிளாஸ்திரி, கணவர் எழுதிய கணக்கு. பாட்டில் கழுவிய கதையையும் சொன்னேன். அதில் எனக்கு வந்த சந்தேகத்தை மட்டும் சொல்லவில்லை. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். பிறகு கீழே போய் வண்டியைக் கிளப்பி, போனெட்டைத் திறந்து வைத்து, கால் மணி நேரம் சும்மா நின்று எஞ்சின் சத்தத்தைக் கேட்டார்.

"மேடம், நான் இருவத்திரண்டு வருசமா வண்டி ஓட்டறன். சூட்டு முள்ளு ஒரு கோடு ஏறுனா எனக்குத் தெரியும். ஓரங்கட்டிடுவன்."

"பிள்ளைங்க இருக்கும்போது ஏறினா, அண்ணே?"

"எம்புள்ளைங்கதான மேடம்?" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். "இப்ப காலையில நாலரைக்கு எழுப்பறன். போன வாரம் மெட்ரோவுல சின்னவ நின்னுக்கினே தூங்கி வுழுந்து, பல்லுல அடி. அதுக்கு ரிப்போர்ட்டு யாரும் எடுக்கல."

சின்னவளின் உதடு வீங்கியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். விளையாடும்போது விழுந்தாள் என்று அக்கா சொன்னார். அதையும் நம்பியிருந்தேன்.

"இந்தக் காயிதம் உங்களுக்குப் பயமா இருந்தா எங்கிட்ட குடுத்துடுங்க" என்றார் அவர். "எனக்குப் பயமாருக்குதான்னு நான் பாக்கறன்."

அக்கா குறுக்கே வந்து, "சும்மா இரு. அவங்க நம்ம நல்லதுக்குத்தான பாக்கறாங்க?" என்றார். அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேலி இருந்ததா, வருத்தம் இருந்ததா, ஒன்றுமே இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அடுத்த ஞாயிறு முடிவு சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

கணவர் முடிவை என்னிடம் விட்டுவிட்டார். எஞ்சினைத் திறந்து, கூலன்ட் எண்ணெயில் கலக்காமல் தடுக்கும் கேஸ்கெட்டை மாற்றிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். நல்ல நிலையில் இருக்கும் பழைய எஞ்சினைத் திறந்தால் இல்லாத வியாதி வரும், வேண்டவே வேண்டாம் என்று சர்தார்ஜி காதைப் பிடித்துக்கொள்கிறார். கணவரும் அதை மறுக்கவில்லை. அப்படியானால் இருப்பது இரண்டே வழிதான். சாவியை ஞாயிற்றுக்கிழமை கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். நான் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்தப் பெண்கள் நாலரைக்கு எழுந்திருக்கிறார்கள்.

இதைப் படிப்பவர்களில் வண்டி எஞ்சின் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். டிரம் எண்ணெய் ஊற்றிய பழைய பெட்ரோல் வண்டியில், பொட்டாசியம் இல்லாமல் சோடியம் மட்டும் பதினேழு என்றால், நீங்கள் அதைக் கசிவு என்று படிப்பீர்களா, எண்ணெயின் குணம் என்று படிப்பீர்களா? மூன்றாவது சாம்பிள் இல்லாமல் வேறு எதையாவது பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா? எஞ்சின் தெரியாதவர்களும் சொல்லலாம். உங்கள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரின் வார்த்தையை ஒரு முறை சந்தேகித்துவிட்டு, அதை அவரிடம் சொல்லாமல் இருந்திருக்கிறீர்களா? சொல்வது நல்லதா, சொல்லாமல் சாவியைக் கையில் கொடுப்பது நல்லதா? ஞாயிறுக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. தயவுசெய்து அதற்குள் எழுதுங்கள்.